110 சிசி ஏடிவிக்கு நீங்களே சர்வீஸ் செய்வது எப்படி? புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஏலகிரி, கொடைக்கானல், ஈசிஆர் பக்கத்து ரிசார்ட்டுகளில் வாடகைக்கு ஓடும் குட்டி ஏடிவிகளைப் பார்த்திருப்பீர்கள். பைக் ஹேண்டில்பார், நான்கு பருத்த டயர், கட்டைவிரலால் அழுத்தும் ஆக்சிலேட்டர். தோட்டம் வைத்திருப்பவர்களும் ஃபார்ம் ஸ்டே நடத்துபவர்களும் இப்போது இவற்றைச் செகண்ட் ஹேண்டில் வாங்குகிறார்கள். சிக்கல் வாங்கிய பிறகுதான் தொடங்கும். பக்கத்தில் சர்வீஸ் சென்டர் இருக்காது. ஊர் மெக்கானிக் வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இதுக்கெல்லாம் சாமான் கிடைக்காது சார்" என்று ஒதுங்கிக்கொள்வார்.

பயப்பட வேண்டியதில்லை. உள்ளே இருப்பது சாதாரண டூவீலர் எஞ்சின்தான். இந்த வண்டிகள் ஓடித் தேய்ந்து கெடுவது குறைவு. சேறு, தண்ணீர், மாதக்கணக்கில் சும்மா நிற்பது ஆகிய மூன்றும்தான் கெடுக்கின்றன. அதனால் நாம் செய்யப்போகிற வேலையில் முக்கால்வாசி சுத்தம் செய்வது, காயவைப்பது, எண்ணெய் போடுவது. மீதிக் கால்வாசிக்குத்தான் ஸ்பானர்.

இந்தக் கட்டுரை 110, 125 சிசி செயின் வண்டிகளுக்கானது. பெல்ட்டில் ஓடும் பெரிய வண்டி வைத்திருப்பவர்களுக்குக் கடைசிப் பகுதியில் தனியாகக் கொஞ்சம் சொல்கிறேன்.

முதலில் எஞ்சின் எண்ணைப் படியுங்கள்

சாமான் கிடைக்காது என்ற பேச்சில் பாதி, என்ன சாமான் என்று கேட்கத் தெரியாததால் வருவது. எஞ்சின் பக்கவாட்டில் சேற்றைத் துடைத்துப் பார்த்தால் 152எஃப்எம்எச் அல்லது 1பி52எஃப்எம்எச் என்பது போல ஒரு குறியீடு பொறித்திருக்கும். இது சீன எஞ்சின்களின் பொதுவான பெயர்முறை. முதலில் வரும் 1 என்பது ஒற்றை சிலிண்டர். 52 என்பது போர் அளவு, அதாவது சிலிண்டரின் உள்விட்டம், மில்லிமீட்டரில். எஃப் என்றால் காற்றில் குளிரும் எஞ்சின். கடைசி எழுத்து எச் என்றால் 110 சிசி வகை, ஐ என்றால் 125. பிஸ்டன், ரிங், கேஸ்கெட், கார்புரேட்டர் என்று எதைத் தேடினாலும் இந்த எண்ணைச் சொல்லித் தேடுங்கள். வண்டியின் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர் பெயரை நம்பாதீர்கள். ஒரே எஞ்சினுக்கு மேல் ஆளுக்கொரு பெயர் ஒட்டி விற்கிறார்கள்.

படுத்த வாக்கில் சிலிண்டர் இருக்கும் இந்த எஞ்சின் ஹோண்டா கப் வம்சம். நம் ஊர் ஸ்பிளெண்டரும் அதே வம்சம்தான். ஸ்பிளெண்டரின் போர் 50, ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 49.5 மில்லிமீட்டர், 110 சிசி சீன எஞ்சினில் போர் 52.4, ஸ்ட்ரோக் அதே 49.5. பங்காளிகள் என்பதற்காக எல்லாச் சாமானும் மாறிப் பொருந்தும் என்று நினைத்துவிட வேண்டாம். ஆனால் ஸ்பிளெண்டர் எஞ்சினைப் பிரித்துப் பழகிய மெக்கானிக்குக்கு இது புரியாத பொருள் அல்ல. அடுத்த முறை அவர் ஒதுங்கினால் இதைச் சொல்லிப் பாருங்கள்.

என்னென்ன வேண்டும்

8 முதல் 17 வரை ரிங் ஸ்பானர், ஒரு சாக்கெட் செட், பிளக் ஸ்பானர், ஃபீலர் கேஜ், ஒரு மல்டிமீட்டர், கார்புரேட்டர் கிளீனர் ஸ்ப்ரே, கிரீஸ், செயின் ஆயில், நிறைய வேஸ்ட் துணி. வண்டியைத் தூக்கி நிறுத்த ஜாக்கி மட்டும் போதாது. கீழே கட்டை வைத்துத் தாங்கு கொடுக்காமல் கையை உள்ளே விடாதீர்கள்.

இரண்டு பொருள்கள் அவ்வளவு சுலபமாகக் கிடைக்காது, ஆனால் வாங்கியே ஆக வேண்டும். ஒன்று, குறைந்த அழுத்தம் காட்டும் டயர் கேஜ். ஏடிவி டயருக்குப் பெரும்பாலும் 3 முதல் 7 பிஎஸ்ஐதான் காற்று. பங்கில் இருக்கும் கேஜில் அந்த அளவு சரியாகத் தெரியவே தெரியாது. இன்னொன்று, ஜப்பான் அளவு ஸ்டார் ஸ்குரூ டிரைவர். கார்புரேட்டர் ஸ்குரூக்கள் பெரும்பாலும் அந்த அளவில் வரும். சாதாரண ஸ்டார் டிரைவரை வைத்து அழுத்தினால் முனை வழுக்கித் தலையை மொட்டையாக்கிவிடும். அப்புறம் அந்த ஒரு ஸ்குரூவைக் கழற்றவே அரை நாள் போகும்.

ஓட்டி முடித்த பிறகு

ஓட்டுவதற்கு முன்னால் செய்ய வேண்டியதை எல்லோரும் சொல்வார்கள்: காற்று, பிரேக், ஆயில், செயின், வீல் நட்டு. சரிதான், பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ஆனால் இந்த வண்டியின் ஆயுளைத் தீர்மானிப்பது திரும்பி வந்தபின் செலவிடும் கால் மணி நேரம்தான்.

சேறு காய்வதற்கு முன் கழுவிவிடுங்கள். தோட்டக் குழாயில் வரும் அழுத்தமே போதும். வாட்டர் சர்வீஸ் கன்னை வைத்துப் பேரிங், பிளக், கார்புரேட்டர், சுவிட்ச் பக்கம் அடித்தால் சீலைத் தாண்டித் தண்ணீர் உள்ளே போய்விடும். எஞ்சின் சூடாக இருக்கும்போது கழுவாதீர்கள். சிலிண்டர் துடுப்புகளுக்கு நடுவே அப்பியிருக்கும் சேற்றைக் குச்சி வைத்தாவது எடுங்கள். காற்றில் குளிரும் எஞ்சினுக்கு அதுதான் ரேடியேட்டர். கழுவியதும் வண்டியை ஸ்டார்ட் செய்து, மெதுவாக ஒரு சுற்று ஓட்டி, பிரேக்கை லேசாகப் பிடித்துப் பிடித்து விட்டால் டிரம்மும் டிஸ்க்கும் காய்ந்துவிடும். அப்புறம் செயினுக்கு ஆயில்.

ஆயில்

இந்த எஞ்சினில் கார் மாதிரி பேப்பர் ஃபில்டர் கிடையாது. வலது பக்க கவருக்குள் ஒரு வலைச் சல்லடை உண்டு. கிளட்ச்சோடு சுழலும் பகுதியும் கொஞ்சம் அழுக்கைப் பிடித்துவைக்கும். அவ்வளவுதான். மற்ற அழுக்கெல்லாம் ஆயிலிலேயே மிதக்கும் என்பதால் அடிக்கடி மாற்றுவதைத் தவிர வழியில்லை. வாங்கியதும் ஒருமுறை மாற்றுங்கள். அதன்பின் 25, 30 மணி நேர ஓட்டத்துக்கு ஒருமுறை மாற்றினால் நல்லது. தண்ணீரில் இறக்கிய வண்டி என்றால் கணக்கே பார்க்க வேண்டாம், உடனே மாற்றுங்கள்.

எஞ்சினை மூன்று நான்கு நிமிடம் ஓடவிட்டு வெதுவெதுப்பாக்கி, அடியில் இருக்கும் டிரெயின் போல்ட்டைக் கழற்றுங்கள். பழைய ஆயில் காபி நிறத்தில் பால் கலந்தது போல் வந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. அப்படியானால் புது ஆயில் ஊற்றி, கொஞ்சம் ஓடவிட்டு, அதையும் வடித்துவிட்டு மறுபடி ஊற்றுங்கள். விரலில் தேய்த்துப் பார்த்து மினுமினுப்பாக நிறைய உலோகத்தூள் தெரிந்தால், அதற்குமேல் ஓட்டாமல் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

ஊற்ற வேண்டியது 800 முதல் 900 மில்லி வரை. டப்பாவில் ஜாசோ எம்ஏ என்று இருக்கிற டூவீலர் ஆயிலாகப் பார்த்து வாங்குங்கள். கிளட்ச் அதே ஆயிலில்தான் முங்கிக் கிடக்கிறது. கார் ஆயில் ஊற்றினால் கிளட்ச் வழுக்கலாம். அளவு பார்க்கும்போது டிப்ஸ்டிக்கைத் துடைத்து, மரையில் திருகாமல் சும்மா உள்ளே வைத்து எடுத்துப் பாருங்கள். திருகிப் பார்த்தால் அளவு கூடுதலாகக் காட்டும். டிரெயின் போல்ட்டைப் பலம் காட்டி இறுக்காதீர்கள். எஞ்சின் உடல் அலுமினியம், மரை போனால் லேத் பட்டறைக்குத்தான் போக வேண்டும்.

ஏர் ஃபில்டர்

முன்னால் போகும் வண்டியின் புழுதியை முழுங்கிக்கொண்டு ஓடுகிற வண்டி இது. ஃபில்டர் கிழிந்திருந்தாலோ எண்ணெய் இல்லாமல் காய்ந்திருந்தாலோ பிஸ்டன் ரிங் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

இதில் பெரும்பாலும் ஸ்பாஞ்ச் ஃபில்டர்தான். கழற்றி, சோப்புத் தண்ணீரில் அமுக்கி அமுக்கிக் கழுவுங்கள். துணி பிழிவது போல முறுக்கினால் கிழிந்துவிடும். பெட்ரோலில் கழுவுவது நம் ஊர்ப் பழக்கம். தீ ஆபத்து ஒரு பக்கம், ஸ்பாஞ்சின் ஒட்டுப் பசை கரைவது இன்னொரு பக்கம். நிழலில் முழுதாகக் காயட்டும். பிறகு ஃபில்டர் ஆயில் விட்டு, கையால் பிசைந்து எல்லா இடத்துக்கும் பரவவிட்டு, அதிகப்படியை அமுக்கி எடுத்துவிடுங்கள். ஸ்பாஞ்ச் ஒரே சீரான நிறத்தில் பிசுபிசுப்பாக இருக்க வேண்டும், சொட்டக் கூடாது.

ஃபில்டருக்கும் கார்புரேட்டருக்கும் நடுவில் உள்ள ரப்பர் குழாயை வளைத்துப் பாருங்கள். நேராகப் பார்த்தால் தெரியாத வெடிப்பு வளைத்தால் வாயைத் திறக்கும். கிளாம்ப் தளர்ந்திருந்தாலும் ஃபில்டர் இருந்தும் இல்லாத கதைதான்.

ஸ்டார்ட் ஆகவில்லையா?

எடுத்த எடுப்பில் கார்புரேட்டரைப் பிரிக்காதீர்கள். இந்த வண்டியில் ஸ்டார்ட் ஆகாமல் தடுக்கவென்றே நிறைய சுவிட்ச் வைத்திருக்கிறார்கள். பின்வரும் வரிசையில் போங்கள்.

பெட்ரோல் டேப் திறந்திருக்கிறதா? ஹேண்டில்பாரில் உள்ள சிவப்பு கில் சுவிட்ச் எந்தப் பக்கம் இருக்கிறது? பின்னால் கயிற்றோடு இழுத்தால் எஞ்சின் நிற்கும் சுவிட்ச் இருந்தால், அது சரியாக அமர்ந்திருக்கிறதா? ரிமோட் இருந்தால் யாராவது அமுக்கி வைத்திருக்கிறார்களா? கியர் நியூட்ரலில் இருக்கிறதா? பல வண்டிகளில் பிரேக் பிடித்தால்தான் செல்ஃப் வேலை செய்யும். பாதிப் புகார்கள் இதற்குள்ளேயே தீர்ந்துவிடும்.

செல்ஃப் அமுக்கினால் சத்தமே இல்லை என்றால் ஃபியூஸ், பிரேக் சுவிட்ச், பேட்டரி இந்த மூன்றையும் பாருங்கள். 'டிக்' என்ற ஒற்றைச் சத்தம் மட்டும் வந்தால் பேட்டரி பலவீனம், அல்லது முனையில் பூஞ்சை. மல்டிமீட்டர் வைத்தால் நிற்கும் நிலையில் 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும், 12.4க்குக் கீழே என்றால் சார்ஜ் போடுங்கள். செல்ஃப் சுழலும்போது 10 வோல்ட்டைவிட ரொம்பக் கீழே விழுந்தால் பேட்டரி போய்விட்டது. எஞ்சின் ஓடும்போது கொஞ்சம் ஆக்சிலேட்டர் கொடுத்தால் 13.5லிருந்து 14.5 வரை காட்ட வேண்டும். காட்டவில்லை என்றால் புது பேட்டரி போட்டாலும் அடுத்த வாரம் இதே கதை. சார்ஜ் ஆகும் வழியைத்தான் பார்க்க வேண்டும்.

எஞ்சின் நன்றாகச் சுழன்றும் பிடிக்கவில்லை என்றால் பிளக்கைக் கழற்றுங்கள். கழற்றும் முன் சுற்றியுள்ள மண்ணை ஊதித் துடைத்துவிடுங்கள். உள்ளே விழுந்தால் சிலிண்டருக்குள் போகும். பிளக் முனை பெட்ரோலில் நனைந்திருந்தால் எரிபொருள் வருகிறது, தீப்பொறிதான் சந்தேகம். காய்ந்திருந்தால் பெட்ரோல் வந்து சேரவில்லை.

தீப்பொறி பார்க்க, பிளக்கைக் கேப்பில் மாட்டி அதன் உலோக உடலை எஞ்சின் தலையில் ஒட்டி வைத்துச் சுழற்றுங்கள். பிளக் துளையிலிருந்து தள்ளிப் பிடியுங்கள், அதிலிருந்து பெட்ரோல் ஆவி வரும். நீலமாகச் 'சட் சட்' என்று அடித்தால் சரி. மஞ்சளாகச் சோர்ந்து வந்தால் முதலில் புது பிளக் போட்டுப் பாருங்கள். இதற்குப் பொதுவாக வருவது ஏ7டிசி வகை. அதற்கு ஈடாக என்ஜிகே சி7எச்எஸ்ஏ போடலாம். இடைவெளி 0.6 முதல் 0.7 மில்லிமீட்டர். மாட்டும்போது ஸ்பானரைத் தொடாமல் விரலால் முழு மரையும் திருகி, அமர்ந்த பிறகுதான் ஸ்பானரால் கொஞ்சம் இறுக்க வேண்டும். கோணலாகப் பிடித்த மரையை ஸ்பானரால் ஓட்டினால் சிலிண்டர் ஹெட்டுக்கே செலவு வைத்துவிடும்.

தீப்பொறி சுத்தமாக இல்லை என்றால் ஒரு எளிய சோதனை உண்டு. இந்த வண்டிகளில் பெரும்பாலும் கில் சுவிட்ச், தீப்பொறியைக் கட்டுப்படுத்தும் சிடிஐ பெட்டியிலிருந்து வரும் கறுப்பு வெள்ளை வயரை எர்த் செய்துதான் எஞ்சினை நிறுத்துகிறது. சேற்றில் ஊறிய சுவிட்ச் தானாகவே எர்த் ஆகிக் கிடக்கும். அந்த வயரை மட்டும் பிரித்துவிட்டுச் சுழற்றினால் தீப்பொறி வருகிறதா? அப்படியானால் குற்றவாளி சுவிட்ச். சோதனைக்கு மட்டும்தான் இது. அப்படியே ஓட்டினால் அவசரத்தில் எஞ்சினை நிறுத்த முடியாது. குழந்தைகள் ஏறும் வண்டியில் அதை நினைத்தும் பார்க்காதீர்கள்.

தண்ணீரில் மூழ்கி நின்றுபோன வண்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் உடனே செல்ஃப் அடிக்காதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் அது அமுங்காது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பிளக்கைக் கழற்றிவிட்டுச் சுழற்றித் தண்ணீரை வெளியே துப்பவிட்டு, ஏர் ஃபில்டர் பெட்டியையும் கார்புரேட்டரையும் காயவைத்து, ஆயில் மாற்றிய பிறகுதான் ஸ்டார்ட்.

கார்புரேட்டர்

சோக் போட்டால்தான் ஓடுகிறது, எடுத்தால் நின்றுவிடுகிறது என்றால் ஐடிலிங்குக்கான பைலட் ஜெட் அடைத்திருக்கிறது என்று கிட்டத்தட்ட உறுதியாகவே சொல்லலாம். காரணம் நின்றுபோன பெட்ரோல். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் வரை எத்தனால் கலந்தது; அது ஈரத்தை இழுக்கும். கார்புரேட்டரின் அடியில் பெட்ரோல் தேங்கும் கிண்ணத்தில் மாதக்கணக்கில் கிடந்தால் ஆவியாகிப் பசை படியும். ஜெட்டில் இருக்கும் துளையோ நூல் பருமன்தான்.

பிரிக்கும் முன், கிண்ணத்தின் அடியில் இருக்கும் வடிகால் ஸ்குரூவைத் தளர்த்திப் பழைய பெட்ரோலை ஒரு கண்ணாடி டம்ளரில் பிடியுங்கள். அடியில் தண்ணீர் குமிழ் தனியாக நிற்கிறதா, துரு இருக்கிறதா, வார்னிஷ் வாடை அடிக்கிறதா என்று பாருங்கள். டேப்பைத் திறந்தால் புதுப் பெட்ரோல் தடையில்லாமல் வருகிறதா? வரவில்லை என்றால் சிக்கல் டேங்க்கிலோ டேப்பிலோ, கார்புரேட்டரில் இல்லை. சில சமயம் இந்த வடிப்பிலேயே வண்டி சரியாகிவிடும்.

ஆகவில்லை என்றால் பிரிக்கலாம். டேப்பை மூடுங்கள், குழாயைக் கழற்றுங்கள். மேல் மூடியைத் திருகி எடுத்தால் கேபிளோடு ஸ்லைடும் ஊசியும் வெளியே வரும். அதைத் துணியில் சுற்றி ஓரமாகத் தொங்கவிடுங்கள், ஊசி வளையக் கூடாது. மேனிஃபோல்டில் உள்ள இரண்டு நட்டைக் கழற்றினால் கார்புரேட்டர் கையில். வெள்ளைத் துணி விரித்து அதன்மேல் கிண்ணத்தைத் திறங்கள். ஒவ்வொன்றையும் கழற்றும் முன் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

மிதவையின் சிறு அச்சைத் தள்ளினால் மிதவையும் அதன் ஊசியும் வந்துவிடும். நடுவில் இருக்கும் பித்தளை மெயின் ஜெட், பக்கத்துக் குழிக்குள் பைலட் ஜெட். சில கார்புரேட்டர்களில் பைலட் ஜெட் கழற்றவே வராது. ஸ்ப்ரே மட்டும்தான் வழி. கழற்றிய ஜெட்டை வானத்தைப் பார்த்துப் பிடித்து ஒற்றைக் கண்ணால் பாருங்கள். வட்டமாகச் சுத்தமான ஒளிப்புள்ளி தெரிய வேண்டும். மங்கலாகவோ பிறை வடிவமாகவோ தெரிந்தால் இன்னும் அடைப்பு இருக்கிறது. கிளீனரில் ஊறவைத்து ஊதுங்கள். கம்பி, ஊசி போட்டுக் குடைய வேண்டாம். பித்தளைத் துளை பெரிதாகிவிட்டால் அளவே மாறிப்போகும்.

பக்கவாட்டில் உள்ள காற்று ஸ்குரூவைக் கழற்றும் முன், அது லேசாக அமரும்வரை உள்ளே திருகி, எத்தனை சுற்று என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். திரும்ப அதே அளவு வெளியே எடுத்தால் போதும். எழுத மறந்தால் ஒன்றரைச் சுற்றில் தொடங்கிப் பார்க்கலாம். ஸ்ப்ரே அடிக்கும்போது ஒரு துளையில் அடித்தால் எதிர்த்துளையில் பீய்ச்ச வேண்டும். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், அது நேராக முகத்துக்குத்தான் வரும்.

மாட்டும்போது ஸ்லைடின் பக்கவாட்டுக் காடி உள்ளே இருக்கும் முளையில் சரியாக அமர வேண்டும். எஞ்சினை ஸ்டார்ட் செய்யும் முன் ஆக்சிலேட்டரை அழுத்தி விட்டுப் பாருங்கள். 'டக்' என்று மூடிக்கொள்ள வேண்டும். மூடாமல் சிக்கினால் ஸ்டார்ட் செய்த நிமிடமே வண்டி பாய்ந்துவிடும். ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பியும் இதே சோதனையைச் செய்யுங்கள்.

டாப்பெட்

சூடானதும் ஸ்டார்ட் ஆக மறுக்கிறது, இழுவை குறைந்துவிட்டது என்றால் டாப்பெட்டைப் பாருங்கள், அதாவது வால்வுக்கும் அதை அழுத்தித் திறக்கும் ராக்கருக்கும் நடுவே உள்ள இடைவெளியை. சத்தம் போடுகிற டாப்பெட்டைவிடச் சத்தமே போடாத டாப்பெட்டுக்குத்தான் பயப்பட வேண்டும். இடைவெளி இல்லாமல் போனால் வால்வு முழுதாக மூடாது, கருகிவிடும்.

எஞ்சின் முழுதாகக் குளிர்ந்திருக்க வேண்டும். காலையில் செய்வது உத்தமம். பிளக்கைக் கழற்றிவிடுங்கள். சிலிண்டர் ஹெட்டின் மேலேயும் கீழேயும் உள்ள இரண்டு மூடிகளைத் திறந்தால் ராக்கரின் நுனி தெரியும். மேலே இருப்பது கார்புரேட்டர் பக்கத்து இன்டேக், கீழே சைலன்சர் பக்கத்து எக்ஸாஸ்ட். எஞ்சினின் இடது கவரில் உள்ள மூடிகளைத் திறந்து, சாக்கெட் வைத்துக் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் மெதுவாகத் திருப்புங்கள். மேக்னெட்டில் உள்ள டி குறி, கவரில் உள்ள கோட்டுக்கு நேரே வர வேண்டும். இப்போது இரண்டு ராக்கரையும் விரலால் ஆட்டிப் பாருங்கள். இரண்டிலும் துளி ஆட்டம் இருந்தால் சரியான இடம். ஒன்று இறுகிக் கிடந்தால் இன்னும் ஒரு முழுச் சுற்று திருப்பி மறுபடி டி குறிக்கு வாருங்கள்.

இடைவெளி இரண்டுக்குமே 0.05 மில்லிமீட்டர். அந்த ஃபீலர் தகட்டை விட்டு இழுத்தால் எண்ணெய்த் தாளுக்கு நடுவே இழுப்பது போன்ற லேசான பிடிப்பு தெரிய வேண்டும். தாராளமாகப் போனாலோ நுழையவே மறுத்தாலோ, 9 எம்எம் பூட்டு நட்டைத் தளர்த்தி, நடுவில் உள்ள சதுரத் தலையைத் திருப்பிச் சரிசெய்யுங்கள். டூவீலர் கடைகளில் இதற்கென்று டாப்பெட் சாவி கிடைக்கும். நட்டை இறுக்கும்போது சதுரத் தலை கூடவே சுற்றிவிடும், அதைப் பிடித்துக்கொண்டே இறுக்குங்கள். இறுக்கிய பின் மறுபடி அளந்து பாருங்கள். முதல் தடவையில் பெரும்பாலும் மாறித்தான் இருக்கும்.

செயினும் பின் ஆக்சிலும்

சின்ன ஏடிவியில் பின் இரண்டு சக்கரமும் ஒரே தண்டில். டிஃபரென்ஷியல் கிடையாது. திருப்பத்தில் இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றுவதால் ஒரு டயர் தரையில் உரசிக்கொண்டேதான் போகும். அந்தச் சுமை முழுக்கச் செயினுக்கும் பேரிங்குக்கும்தான். செயின் நடுவில் மேலும் கீழும் 20 முதல் 30 மில்லிமீட்டர் ஆட வேண்டும். வண்டியைத் தள்ளித் தள்ளி நாலைந்து இடத்தில் பாருங்கள், எங்கே அதிகம் இறுகுகிறதோ அந்த இடத்தில் அளவு வையுங்கள். 420 அல்லது 428 என்ற அளவு செயினின் பட்டையிலேயே இருக்கும். லாக் கிளிப்பின் மூடிய பக்கம் செயின் ஓடும் திசையை நோக்கி இருக்க வேண்டும்.

பின்பக்கத்தைத் தூக்கி, சக்கரத்தை மேல் கீழாகப் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங். சுற்றும்போது டயர் வெளியும் உள்ளுமாக நெளிந்தால் ஆக்சில் வளைந்திருக்கிறது. அதைச் சூடுகாட்டி நிமிர்த்தித் தருகிறேன் என்பவர்கள் இருப்பார்கள், வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

பிரேக், முன்பக்கம்

முன்னால் பெரும்பாலும் டிரம், பின்னால் டிஸ்க். டிரம்முக்குள் சேறு புகுந்து அரைக்கும். அவ்வப்போது திறந்து துடையுங்கள். ஷூவின் அச்சுக்கு மட்டும் துளி கிரீஸ், ஷூ மேல் பட்டால் பிரேக் இருக்காது. டிஸ்க் பேட் 2 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் மாற்றுங்கள். பிரேக் ஆயில் எந்த வகை என்பது டப்பி மூடியிலேயே இருக்கும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதிதாக மாற்றுங்கள். பெயிண்டில் சிந்தினால் உரித்துவிடும், உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

முன் சக்கரத்தைத் தூக்கி, மேல் கீழாக ஆட்டினால் லொடலொடப்பது பால் ஜாயின்ட் அல்லது பேரிங். இட வலமாக ஆட்டினால் லொடலொடப்பது ஸ்டீயரிங்கின் டை ராடு. இந்த இரண்டிலும் ஆட்டம் கண்டால் சரிசெய்யும்வரை வண்டியை எடுக்காதீர்கள். கிரீஸ் நிப்பிள் இருந்தால் ஒவ்வொரு சேற்று ஓட்டத்துக்குப் பிறகும் புது கிரீஸ் எட்டிப் பார்க்கும்வரை அடியுங்கள்.

டயர்

1970இல் ஹோண்டா அமெரிக்காவில் விற்கத் தொடங்கிய மூன்று சக்கர வண்டியில் ஸ்பிரிங்கோ ஷாக் அப்சார்பரோ இல்லை. பலூன் டயர்தான் எல்லாம். இன்றைக்கு ஷாக் அப்சார்பர் வந்துவிட்டாலும் டயர் பாதி வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கிறது. பஞ்சர் கடையில் பைக்குக்கு அடிப்பது போல 25, 30 பிஎஸ்ஐ அடித்துவிட்டால் வண்டி பந்து போலத் துள்ளும், பிடிமானம் இருக்காது. எவ்வளவு என்று டயரிலோ வண்டி ஸ்டிக்கரிலோ எழுதியிருக்கும். டயர் குளிர்ந்திருக்கும்போது அளந்து அடியுங்கள்.

பின் இரண்டு டயரின் சுற்றளவையும் ஒரு டேப் வைத்து அளந்து பாருங்கள். ஒரே தண்டு என்பதால் ஒன்று பெரிதாகவும் மற்றொன்று சின்னதாகவும் இருந்தால் வண்டி ஒரு பக்கம் இழுத்துக்கொண்டே போகும். ஸ்டீயரிங்கைச் சந்தேகப்பட்டுக் காசு செலவழிப்பதற்கு முன் செய்ய வேண்டிய இலவசச் சோதனை இது.

முள் குத்தினால் டியூப்லெஸ் பஞ்சர் திரி போதும். பக்கவாட்டில் கிழிந்தால் மட்டும் டயரை மாற்றுங்கள்.

பெரிய வண்டி வைத்திருந்தால்

போலாரிஸ் போன்ற பெல்ட் வண்டிகளில் எஞ்சினைவிட பெல்ட்டுக்குத்தான் முதல் கவனம். பாரம் இழுக்கும்போதும் மேட்டில் மெதுவாக ஏறும்போதும் லோ கியரில் போடுங்கள். ஹையில் இழுத்தால் பெல்ட் சூடாகிக் கருகும். பெல்ட் பெட்டிக்குள் தண்ணீர் போனால் வழுக்கும். அடியில் உள்ள வடிகாலைத் திறந்து வடித்து, கியரில் போடாமல் எஞ்சினை ஏற்றி இறக்கி ஓடவிட்டுக் காயவையுங்கள்.

சக்கரத்துக்குப் போகும் தண்டின் முனைகளில் மடிப்பு மடிப்பாக இருக்கும் ரப்பர் உறைகளைக் கழுவும்போதெல்லாம் விரித்துப் பாருங்கள். கிழிசலை உடனே கண்டால் ரப்பரோடு போகும். விட்டால் மண் புகுந்து, திருப்பத்தில் 'கடக் கடக்' என்று கேட்கத் தொடங்கும், அப்புறம் தண்டையே மாற்ற வேண்டும். முன், பின் கியர் பெட்டிகளுக்குத் தனித்தனி ஆயில். போலாரிஸின் முன் பெட்டிக்கு அதற்கென்றே உள்ள ஆயில்தான், கிடைத்ததை ஊற்ற முடியாது. ரேடியேட்டரில் சேறு அடைத்தால் பின்பக்கமிருந்து முன்னோக்கி மெல்லத் தண்ணீர் விடுங்கள். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்காதீர்கள். வடித்த கூலன்ட்டை நாய், குழந்தை எட்டும் இடத்தில் வைக்காதீர்கள். இனிப்பாக இருக்கும், விஷம்.

மழைக்காலத்தில் நிறுத்திவைக்க

கழுவிக் காயவையுங்கள். ஆயிலை மாற்றிவிட்டு நிறுத்துங்கள், பழைய ஆயிலோடு அல்ல. பெட்ரோல் டேப்பை மூடி, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு, கிண்ணத்தில் மிஞ்சியதையும் வடித்துவிடுங்கள். பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வைத்து மாதம் ஒருமுறை சார்ஜ் போடுங்கள். சைலன்சர் வாயில் துணி அடைத்து, அந்தத் துணியில் ஒரு நீளக் கயிற்றைக் கட்டித் தொங்கவிடுங்கள். எடுக்க மறந்து ஸ்டார்ட் செய்ய மாட்டீர்கள். எலித் தொல்லை உள்ள இடமானால் ஏர் ஃபில்டர் பெட்டியின் வாயையும் வலை போட்டு மூடுங்கள், அவற்றுக்கு ஸ்பாஞ்ச் என்றால் கொள்ளை ஆசை.

திரும்ப எடுக்கும்போது, அல்லது எந்த வேலை செய்து முடித்தபோதும், முதலில் ஹெல்மெட் போட்டுக்கொண்டு சமதளத்தில் முதல் கியரில் மட்டும் ஓட்டிப் பிரேக் பாருங்கள். பெரும்பாலான ஏடிவிகளைச் சாலையில் ஓட்டப் பதிவு செய்ய முடியாது, ஆகவே இந்த ரவுண்டும் தோட்டத்துக்குள்தான். நிறுத்தி, எஞ்சினுக்கு அடியில் சொட்டுகிறதா என்று பாருங்கள். கழற்றிய சக்கரம் என்றால் வீல் நட்டுகளைக் குறுக்குமறுக்காக இன்னொரு முறை இறுக்குங்கள், ஆக்சில் முனை நட்டில் காட்டர் பின் போட்டாயிற்றா என்பதையும் குனிந்து பார்த்துவிடுங்கள்.